லேமினேஷன் போட்ட முகம்

பதினொன்றாம் வகுப்பில் நான் பெயிண்டிங் எடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும், எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற படிப்பு என்றே நினைத்தார்கள். "அதுக்கு எதுக்குத் திண்டிவனத்துக்கு அனுப்பிக்கினு? எங்க கொழுந்தனாரு ஏணிய வெச்சிக்கினு சும்மாதான் குந்தினு கீறாரு, அவரோட அனுப்பிவுடு" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னார். அம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. "உங்க கொழுந்தனாரு அடிச்ச செவுத்த போன மழையில பாத்தேன். ஏரி வரைக்கும் வெள்ளையா ஓடிக்கினு இருந்துது" என்றாள். அந்த அக்கா கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எங்கள் ஊர் ஓமந்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற சொந்த நிலம் இருக்கிறது. நான் படித்தது திண்டிவனத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பதிலாகப் பெயிண்டிங் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி இருந்தது, ஆனால் அதை எடுக்க அதிகம் பேர் வருவதில்லை. அப்பாவுக்கோ நான் பயாலஜி படித்து நர்சிங் போக வேண்டும் என்று ஆசை. இதை வைத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோய், சாப்பாட்டைக்கூட என் மூலமாகத்தான் பரிமாறிக்கொண்டார்கள். கடைசியில் அம்மா அவர் எதிரில் வந்து நின்றாள். "எனக்கும் அந்தப் படிப்பு இன்னான்னு புரியல. ஆனா உம் பொண்ணு வரையும்போது மட்டுந்தான் வாய மூடிக்கினு இருக்கா. அந்தப் புண்ணியத்துக்காவது சேத்துவுடு" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு எதையும் மறுக்கத் தெரியாது அவருக்கு, அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

வகுப்பில் நாங்கள் ஆறேழு பேர். லேப்புக்குப் பின்னால், ஆண்டு விழாத் தோரணங்களும் உடைந்த கேரம் போர்டுகளும் கிடக்கிற அறைதான் எங்கள் ஓவிய வகுப்பு. டிராயிங் மிஸ் ஒருவர்தான் எல்கேஜியிலிருந்து எங்கள் வரைக்கும் எல்லாருக்கும். வாரத்தில் பாதி நாள் அவரைக் கொடி கட்டவும் கோலம் போடவும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாங்களாகவே ஒரு குடத்தையும் நாலு வெங்காயத்தையும் வைத்து வரைந்துகொண்டிருப்போம். பரீட்சைக்குத் தியரியும் உண்டு. ராஜஸ்தானி, பஹாடி, முகலாயர், தக்காணி என்று ஓவியப் பள்ளிகளை மனப்பாடம் பண்ண வேண்டும். நான் சத்தம்போட்டுப் படிக்க, அம்மா கேப்பைக் களி கிண்டிக்கொண்டே புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள். "ஏண்டி, ஊர் முழுக்க இருக்கிற பொம்பளைங்க எல்லாம் ஒரே பக்கமாத்தான் பாத்துக்கினு இருக்காங்க, கழுத்து வலிக்காதா?" என்பாள். 

பிளஸ் டூ தொடங்கியபோது அம்மாவுக்குப் புற்றுநோய் என்று பாண்டிச்சேரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாள் கிழமை எல்லாம் ஊசி போடுகிற தேதியை வைத்துத்தான். முதல் ஊசிக்கே முடி கொட்ட ஆரம்பித்தது. அம்மா மீதி முடியையும் மழித்துவிட்டு, வெள்ளைத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டாள். முன்பே போட்டோ என்றால் ஒதுங்கிப்போகிறவள், இப்போது போனை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இந்தக் கோலத்த எவளாவது ஸ்டேட்டஸ்ல வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் மிரட்டி வைத்திருந்தாள். அதனால் அந்த மாதங்களில் எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

போர்ட்ஃபோலியோ என்று ஒன்று உண்டு. வருஷம் முழுக்க வரைந்ததில் நல்லதையெல்லாம் ஒரு பெரிய ஃபைலில் போட்டுப் பிராக்டிகல் அன்றைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினரிடம் காட்ட வேண்டும். ஓவியக் கல்லூரியில் சேரவும் அதைத்தான் கேட்பார்கள். "குடமும் வெங்காயமும் எல்லாரும்தான் கொண்டுவருவாங்க. ஒரு ஆளை எதிர்ல உக்காரவெச்சு வரை" என்று மிஸ் சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார நேரமிருந்த ஒரே ஆள் அம்மாதான்.

போன் ஆகாது என்றவள், வரைவதற்குச் சரி என்றாள். எனக்கே ஆச்சரியம். "போனு பாக்கிறத எல்லாம் புடிச்சிக்கும். நீ உனக்குத் தெரியிறததான வரையப்போற" என்றாள். ஆனால் சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது.

"முடியோட வரையிடி. பழைய ஜடை ஞாபகம் இருக்குல்ல."

"ஜடைய வரையணும்னா கோயில் செலைய வரைஞ்சுக்கறேன். இப்ப இருக்கிற மாதிரிதான் வரைவேன்."

"வரைஞ்சி எவனுக்கோ காட்டப்போற. மானம் போவும்."

"உனக்கு எப்பலேர்ந்தும்மா மானம்?"

இதற்கு அம்மா வலியோடு சிரித்தாள். பின்பக்கம் ஷீட் போட்ட தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழும். பாதி நேரம் தூங்கிவிடுவாள், மீதி நேரம் என் மூக்கைப் பற்றியும் அப்பாவின் மூக்கைப் பற்றியும் பேசுவாள். பழுப்பு நிறத் தாளில் முதலில் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு ஆயில் பேஸ்டல் குச்சிகளால் நிறம். அவளுடைய நிறத்துக்குப் பழுப்பும் செம்மண் நிறமும் மட்டும் போதவில்லை. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஊதா, துண்டின் நிழலில் ஒரு பச்சை என்று போட்டுப் போட்டு, ஒரு நாள் அவள் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக வரைந்த முதல் படம் அதுதான். தற்பெருமை இல்லை, உண்மை. அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உங்க பெரியப்பா மாதிரி கீது" என்றாள். பிறகு, "வாய மட்டும் சரியா வரைஞ்சிட்ட. பேசப்போறா மாதிரியே இருக்கு" என்றாள்.

ஐப்பசியில் அம்மா போய்விட்டாள்.

அன்றைக்கு மதியத்துக்குள் பேனர் வேண்டும் என்று சித்தப்பா ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினார். கொடுப்பதற்கு ரேஷன் கார்டுக்கு எடுத்த, மங்கிப்போன ஒரு பழைய சின்னப் படம்தான் இருந்தது. கடைக்காரர் அந்தத் தலையை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த அரக்குப் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டி, முகத்தை நன்றாக வெளுத்து, அம்மா என்றைக்கும் போட்டறியாத ஓர் ஆரத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் சாகிற பெண்கள் எல்லாரும் அதே அரக்குப் புடவையில்தான் போகிறார்கள். கண்ணீர் அஞ்சலி என்று தெருமுனையில் கட்டியிருந்த அந்த வெள்ளைக்காரிக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் அழுதேன். காரியத்துக்குப் போட்ட ஃபிரேமிலும் அவளேதான், மாலையோடும் சுற்றி மினுக்குகிற சீரியல் பல்போடும். அவளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே அம்மா என்று எங்களிடம் மிஞ்சியது என் படம் ஒன்றுதான். அதை டிராயிங் போர்டில் கிளிப் போட்டு, மேலே திரைபோல மெல்லிய பட்டர் பேப்பர் தொங்கவிட்டு, உள் அறையில் பீரோமேல் சாத்தி வைத்திருந்தேன். பள்ளிக்குப் போகும்போது ஒரு முறை பேப்பரைத் தூக்கிப் பார்ப்பேன், வந்ததும் ஒரு முறை. அதை எக்ஸாமினரிடம் காட்டிவிட்டு, கல்லூரியில் காட்டிவிட்டு, நல்ல கண்ணாடி ஃபிரேம் போட்டு, அந்த அரக்குப் புடவைக்காரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். "செய்யி" என்றார்.

மார்கழியில் ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது போர்டு மட்டும் நின்றது. பட்டர் பேப்பரை நாலாக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால், "உங்கப்பா காலையிலேயே வேட்டியில எதையோ சுத்தி எடுத்துக்கினு போனாரே, விழுப்புரம் போறேன்னாரு" என்றார். எனக்கு அப்போதும் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. ஃபிரேம் போடத்தான் போயிருப்பார், அவசரக்குடுக்கை மனிதர், எக்ஸாமினர் பார்ப்பதற்கு முன்னால் போட்டுவிடப் போகிறாரே என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். சுருட்டிய படத்தைக் கட்டிலில் விரித்தார், அது விரிய மாட்டேன் என்று மறுபடி மறுபடி சுருண்டது. மேலும் கீழும் கெட்டியான பளபளப்புப் பிளாஸ்டிக்.

எங்கள் வீட்டில் முக்கியமானது என்றால் லேமினேஷன்தான். ரேஷன் கார்டு, ஆதார், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், குலதெய்வத்தின் படம் எல்லாவற்றையும் அம்மாதான் ஓடி ஓடிப் போட்டுவைத்திருந்தாள். கூரை ஒழுகினால் நனையாது, கறையான் அரிக்காது. எங்கள் ஊரில் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆயில் பேஸ்டல் என்பது மெழுகும் எண்ணெயும் கலந்தது. லேமினேஷன் மிஷினோ சூட்டில் அழுத்தித் தள்ளுகிற மிஷின். எனக்குத் தெரிந்த இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை.

"இன்னாப்பா இது?"

"கொஞ்சம் கலங்கிட்டுது பாப்பா."

கொஞ்சம் இல்லை. நெற்றித் துண்டின் வெள்ளை கண்வரை இறங்கியிருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கருப்பு இழுவை. மூக்கு இல்லை. வாய், அந்த வாய், தாடையைத் தாண்டிக் கழுத்துவரை ஒரு பழுப்புச் சகதியாக வழிந்து நின்றது. நடுநடுவே காற்றுக் குமிழிகள்.

"திண்டிவனத்துல மிஷினு சின்னது. மடிச்சாத்தான் போவும்னான். மடிக்கக் கூடாதுன்னு விழுப்புரம் போனேன். ஜங்ஷனாண்ட பெரிய மிஷினு இருக்கு. இந்தப் பக்கம் வுட்டான், நல்லாத்தான் போச்சு. அந்தாண்ட வரும்போது" என்று சொல்லி, ஒரு கையை இன்னொரு கைமேல் வைத்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். "நிறுத்து நிறுத்துன்னேன். அதுக்குள்ள வந்துட்டா."

வந்துவிட்டது என்று சொல்லவில்லை, வந்துட்டா என்றார்.

நான் கத்தினேன். உனக்கு யார் சொன்னது, யாரைக் கேட்டு எடுத்தாய், இனி எங்கே போவேன் அவளுக்கு என்று தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை, கத்த வேண்டிய விஷயம்தான் அது. எல்லாவற்றுக்கும் அவர் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கத்தான் போட்டிருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாளே வேறொரு தாளை எடுத்தேன். அம்மாவின் முகம் எனக்குத் தெரியாதா என்ன? பதினேழு வருஷம் பார்த்த முகம். தாளில் கையை வைத்தால், அந்த ஃப்ளெக்ஸ் முகம் வந்து குறுக்கே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தாழ்வாரத்தையும் பிளாஸ்டிக் சேரையும் நினைத்தால் சேர் நன்றாகத் தெரிகிறது, துண்டு தெரிகிறது, குரல்கூடக் கேட்கிறது, முகம் வழுக்கிக்கொண்டு போகிறது. என் போனில் அந்தப் படத்தின் போட்டோ ஒன்று இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, பாதி முடிந்திருக்கும்போது டியூப் லைட்டில் எடுத்தது. என் தலையின் நிழல் சரியாக அவள் முகத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ தாளைக் கிழித்தேன். வந்தது எல்லாம் யார் யாரோ.

பிராக்டிகல் நெருங்கிவிட்டது. மிஸ் அந்த லேமினேஷனைப் பார்த்துவிட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபைல்ல படம் குறையுதும்மா. வேற வழியில்ல, இத கடைசியா வெச்சிடு. கேட்டா விஷயத்த சொல்லிக்கலாம்" என்றார்.

எக்ஸாமினர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர். என் குடத்தையும் வெங்காயத்தையும் தலையாட்டிக்கொண்டே திருப்பினார். கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"எங்க அம்மா, சார்."

"முகத்தை வேணும்னே கலைச்சிருக்கீங்க. இந்த வயசுல இவ்ளோ தைரியமா யாரும் பண்ணமாட்டாங்க. மேல பிளாஸ்டிக் போட்டதும் நல்ல யோசனை, மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

என் பக்கத்தில் நின்ற மிஸ் என்னைப் பார்த்தார்.  வாயாடி, பிடாரி என்றெல்லாம் பேர் வாங்கியவள், அந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பாடத்தில்தான் எனக்கு மார்க் அதிகம். கல்லூரி நேர்காணலிலும் அதே படத்தைத்தான் மூன்று பேர் கூடி நின்று பாராட்டினார்கள். இடம் கிடைத்தது. அம்மா சண்டைபோட்டு வாங்கித்தந்த படிப்பில் அம்மாவின் உருகிய முகத்தை வைத்துத்தான் நுழைந்திருக்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், பழைய ஓவியங்களைச் செப்பனிடத் தெரிந்த ஓர் ஆசிரியையிடம் இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். முதலில் பென்சிலால் வரைந்திருந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பென்சில் கோடு உருகியிருக்காது, அடியில் அப்படியே இருக்கும் என்றார். ஹேர் டிரையரில் மெதுவாகச் சூடு காட்டிப் பிளாஸ்டிக்கை உரிக்கலாம், நிறமெல்லாம் அதோடு போய்விடும், ஆனால் கோடு மிஞ்சும். நிறம் போனால் போகட்டும். அந்தக் கோடு போதும் எனக்கு, அதிலிருந்து அவளை மறுபடி வரைந்துவிடுவேன். அன்று ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

பொங்கல் லீவுக்கு, கூட இருந்த ஒருத்தியிடம் ஹேர் டிரையரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்பா அந்தப் படத்தை உள் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்தவர் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து நான் பிளக் தேடுவதைப் பார்த்தார்.

"இன்னா பண்ணப்போற பாப்பா?"

சொன்னேன். மூஞ்சி திரும்ப வந்துடும்ப்பா என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த பிளாஸ்டிக்க எடுத்துட்டா, அப்புறம் கையில ஒட்டுமா?"

"எது?"

"அவதான்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பேப்பரத் தூக்கிட்டு கன்னத்துல கை வெப்பேன். தெனமும். ஒரு நாளு பாத்தா விரல்ல அவ கலரு. படத்துல அந்த எடம் வெளுத்துக்கினு இருக்கு. நாந்தான் தேச்சித் தேச்சி அவள அழிச்சிக்கினு இருந்திருக்கேன். தொடாம இருந்து பாத்தேன். முடியல. அதுக்குத்தாம்மா போட்டேன்."

 அவர் எழுந்து போய், அந்தப் பழுப்புச் சகதியில் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கன்னம் எது, தாடை எது என்று எனக்கு அதில் தெரியவில்லை. அவர் தேடவே இல்லை, கை நேராக அங்கே போனது.

"இப்ப எவ்ளோ தொட்டாலும் ஒண்ணும் ஆவுல" என்றார். பிறகு, "உனக்கு மூஞ்சி வேணும்னா எடுத்துக்கோ பாப்பா. நீ வரைஞ்சதுதான" என்றார். சொல்லும்போதும் கையை எடுக்கவில்லை.

"வேணாம்பா. இருக்கட்டும்" என்றேன். டிரையரின் ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அம்மாவின் முகம் அந்தப் பிளாஸ்டிக்குக்கு அடியில்தான் இருக்கிறது, அப்பா இருக்கிற வரைக்கும் நான் அதைப் பார்க்கப்போவதில்லை.